நோட்டீஸ் தலையில் வைத்த புள்ளி

நாள் 209. காலை 7:10. கரிவாயு 0.6%

நிலையம் இயங்குகிறது. ஆன்டெனா இரண்டும் சரி. சூரியத் தகடுகள் சரி. பொறுப்பாளர் ஜெசிந்தா வாஸ், வயது நாற்பத்து மூன்று, சொந்த ஊர் தூத்துக்குடி, தற்போதைய முகவரி செவ்வாயைச் சுற்றும் போபோஸ் என்னும் கல்துண்டு. இங்கே நான் ஒருத்திதான். செவ்வாய்த் தரையில் ஊரும் ஆளில்லா வண்டிகளின் செய்திகளை வாங்கிப் பூமிக்குத் தள்ளிவிடும் தபால்காரி உத்தியோகம். மாற்று ஆள் வர இன்னும் ஐந்து மாதம்.

இந்தக் குறிப்பை என்றைக்காவது கண்டெடுப்பவருக்கு ஒரு விண்ணப்பம். எழுத்துப்பிழை தென்பட்டால் மன்னிக்க வேண்டாம், திருத்துங்கள். நானும் அப்படித்தான். அடுத்தவர் பிழையைத் திருத்தியே பாதி சிநேகிதர்களை இழந்தவள்.

தலைவலி. இது நான்காவது வாரம். காரணம் காற்றுப் பொறி. நான் வெளிவிடும் கரிவாயுவை உறிஞ்ச அதில் இரண்டு படுகைகள் உண்டு. ஒன்று உறிஞ்சும்போது மற்றது சூடாகி, தான் குடித்ததை வெளியே வெற்றிடத்தில் துப்பும். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டும் வேலையை மாற்றிக்கொள்ள வேண்டும். என் கடிகாரப்படி முப்பத்தொரு நிமிடம் ஆகிறது. இருபது என்று எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த வரியை எழுதியவளே நான்தான்.

நாள் 210. காலை 8:00. கரிவாயு 0.6%

நேற்றையதை விளக்கிவிடுகிறேன். பொறியை ஓட்டும் மென்பொருளின் பெயர் 'மூச்சு'. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஏழு நிரலர்கள் சேர்ந்து எழுதினோம். யார் வேண்டுமானாலும் எடுத்து ஆளலாம், மாற்றலாம், விற்கலாம். உரிமத்தில் ஒரே நிபந்தனைதான். மாற்றினால், மாற்றிய மூலநிரலை, அதாவது நிரலர் எழுதிய வரிகளை, எல்லாருக்கும் திறந்து வைக்க வேண்டும்.

வான்குடில் நிறுவனம் எடுத்தது, மாற்றியது, மூடி வைத்துக்கொண்டது. போதாததற்குப் பொறிக்கு ஒரு பூட்டும் போட்டது. இருபது நாளுக்கு ஒரு தடவை பூமியிலிருந்து ஒரு சாவி வரும். எண்களால் ஆன சாவி. அது வராவிட்டால் பொறி 'காத்திருப்பு' நிலைக்குப் போய்விடும். அவர்கள் கையொப்பம் இல்லாத எந்த நிரலையும் பொறி ஏற்காது. எழுதியவளே வந்து கேட்டாலும் ஏற்காது.

இங்கு வரும்வரை எனக்கு இது தெரியாது. வந்த இரண்டாம் மாதம் பொறியின் திரையில் 'காற்றில்லை, கதவைத் திற' என்று ஒரு பிழைச்செய்தி வந்தது. நான் இளவயதில் விளையாட்டாக எழுதிய வரி. அதை மாற்றக்கூட அவர்களுக்குச் சோம்பல். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கே கட்டற்ற நிரல் மன்றத்துக்குப் புகார் எழுதினேன். எங்களைப் போன்றவர்களின் உரிமங்களை மீறுபவர்மீது நடவடிக்கை எடுக்கும் அமைப்பு அது. நிலாச் சுரங்கக் குடியிருப்பிலும் இதே பொறி, நாற்பத்தொரு பேர், அவர்களுக்கும் தலைவலி என்று பிறகு தெரிந்தது. மூலநிரல் என் கைக்கு வந்தால் ஒரு பிற்பகலில் சரிசெய்துவிடுவேன். கிடைக்காது என்றால் மண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

நாள் 212. மாலை 4:30. கரிவாயு 0.7%

மன்றத்தின் வழக்கறிஞர் தில்லைநாயகியிடமிருந்து செய்தி. அப்படியே பதிகிறேன்.

"ஜெசிந்தா, வான்குடில் நம்ம கடிதம் மூணுக்கும் பதில் போடல. உரிமத்த ரத்து செய்யற நோட்டீஸ்தான் மிச்சம். ஆறு பேரும் சரின்னு சொல்லிட்டாங்க, நீங்கதான் பாக்கி. ஒரு விஷயத்த உங்ககிட்ட மறைக்க விரும்பல. நோட்டீஸ் போனா அவங்க சாவி அனுப்பறத நிறுத்தலாம். நிலாவுல இருக்கறவங்கள மூணு நாள்ல பூமிக்கு இறக்கிடலாம். உங்கள முடியாது. நீங்க வேண்டாம்னா வேண்டாம்தான். ஏன்னு யாரும் கேட்க மாட்டோம்."

ஏழு பேரையும் கேட்பது மன்றத்தின் விதி. ஒருவர் மறுத்தாலும் நோட்டீஸ் கிடையாது. இதற்கும் ஒரு கதை உண்டு. முன்னொரு காலத்தில் யாரோ எங்கள் பெயரைச் சொல்லி நீதிமன்றம் போனார்கள். எங்களில் ஒருவருக்கும் தகவல் இல்லை. ஓசூர்ப் பக்கம் பன்னிரண்டு பேர் வேலை செய்த ஒரு பட்டறை மூடிப்போனது. அவர்கள் மூலநிரலைக் கொடுக்கத் தயாராகவே இருந்தார்களாம். யாரும் மரியாதையாகக் கேட்கவில்லை, அவ்வளவுதான். எங்களுக்கு வேண்டியது மூலநிரல், யாருடைய அழிவும் இல்லை. அன்றைக்கு மன்றக் கூட்டத்தில் மேசையைத் தட்டி, எழுதியவரைக் கேட்காமல் எவர்மீதும் கை வைக்கக் கூடாது என்று விதி போட வைத்தது நான்தான்.

இப்போது என்னைக் கேட்கிறார்கள். கேட்காமல் இருந்திருக்கலாமே என்று இருக்கிறது.

நாள் 214. காலை 10:15. கரிவாயு 0.7%

சூரியன் எங்களுக்கும் பூமிக்கும் குறுக்கே வந்துகொண்டிருக்கிறது. இருபத்தாறு மாதத்துக்கு ஒரு தடவை இப்படி ஆகும். இன்றிலிருந்து நான் ஒரு நாளைக்கு ஒரே செய்திதான் அனுப்ப முடியும், அதுவும் முப்பது குறிகளுக்குள். தமிழில் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனிக் குறி, ஆகவே முப்பது என்பது மூன்று நான்கு சொல். பூமியின் ஆன்டெனா பெரியது. அவர்கள் கொஞ்சம் நீளமாக எழுதலாம். நாள் 217-ல் அதுவும் நின்றுவிடும். பிறகு பன்னிரண்டு நாள் ஊமை.

அடுத்த சாவி 217 காலை வர வேண்டும். இப்போதிருப்பது 226 நண்பகல் வரை செல்லும்.

கோமதிநாயகம் அண்ணாச்சியின் செய்தியும் வந்தது. தென்காசிக்காரர், எழுவரில் மூத்தவர், நான் எழுதிய முதல் நிரலை வரிக்கு வரி கிழித்துத் தொங்கவிட்டவர். "எம்மா, ஒன்னய யாரும் நெருக்கல. ஆனா ஒன்னயத் தெரிஞ்சவன் சொல்லுதேன், நீ பின்வாங்க மாட்ட" என்று எழுதியிருக்கிறார். அவர் என்னைப் பற்றி நினைப்பதில் பாதியாவது உண்மையாக இருந்தால் நன்றாயிருக்கும்.

நாள் 216. காலை 9:40. கரிவாயு 0.8%

முடிவு செய்துவிட்டேன். மறுக்கிறேன்.

பயம்தான். வேறு பெயர் சூட்ட விரும்பவில்லை. மூன்று நாளாகக் கண்ணை மூடினால் படுகைகள் மாறும் 'டக்' சத்தம் கேட்கிறதா என்று காது அங்கேயே கிடக்கிறது. நிலாக்காரர்களுக்குத் தலைவலி, எனக்கு உயிர். மாற்று ஆள் வந்து நான் ஊர் போய்ச் சேர்ந்ததும் நானே முன்னால் நின்று நோட்டீஸ் கொடுக்கிறேன். ஐந்து மாதம் பொறுக்கக் கூடாதா?

'வேண்டாம்' என்று அடித்தேன். பார்க்கச் சகிக்கவில்லை. கோழை எழுதியதுபோல இருந்தது. அழித்துவிட்டு, போனால் போகிறது என்று பெருந்தன்மையாகச் சொல்வதுபோல எழுதினேன். முதலில் பேச்சுவழக்கில் 'நோட்டீஸ' என்று வந்தது. 'ஸ' மொட்டையாக நின்றது கண்ணை உறுத்தவே தலையில் ஒரு புள்ளி வைத்தேன். அவசரத்திலும் ஒழுங்கு என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அனுப்பிய செய்தி: "மேடம் நோட்டீஸ் விட்டுடுங்க"

மனது லேசாகிவிட்டது. மதியம் நன்றாகச் சாப்பிட வேண்டும்.

நாள் 217. காலை 8:05. கரிவாயு 0.8%

சாவி வரவில்லை. வழக்கமாக ஏழரைக்கு வந்துவிடும். அண்ணாச்சியின் செய்தி மட்டும் வந்தது.

"எம்மா ஜெசிந்தா, நீ சொன்ன மாதிரியே நோட்டீஸ் விட்டாச்சு. வக்கீலம்மாவுக்கு மனசு வரல, நல்லாப் பாருங்க, அந்தப் புள்ள விடவா சொல்லுதுன்னு எங்கிட்ட கேட்டா. படிச்சுப் பாரும், அதுல என்ன சந்தேகம்னேன். வான்குடில்காரன் நெலயத்துக்கு ஒண்ணும் ஆகாதுன்னு எழுதிக் குடுத்திருக்கான். தைரியமா இரு. ஒனக்கு இருக்க நெஞ்சுரம் எங்க ஆறு பேருக்கும் சேத்து இல்லம்மா."

மூன்று தடவை படித்தேன். அவருக்கு மூளை குழம்பிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

நாள் 217. காலை 9:10

அனுப்பிய செய்தியின் நகலைத் திறந்து பார்த்தேன்.

'நோட்டீஸ விட்டுடுங்க' என்றால் நோட்டீஸை விட்டுத்தள்ளுங்கள். 'நோட்டீஸ் விட்டுடுங்க' என்றால் நோட்டீஸ் அனுப்பிவிடுங்கள். தமிழ் தெரிந்த எவரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார். நானாக இருந்தாலும் அப்படித்தான் படித்திருப்பேன். நடுவில் இருப்பது ஒரு புள்ளி. நான் தேடிப் போய் வைத்த புள்ளி.

'நோட்டீஸை' என்று முழுசாக எழுதியிருந்தாலும் அதே எட்டுக் குறிதான். புள்ளி வைத்ததில் இடம்கூட மிச்சமாகவில்லை. 'வேண்டாம்' என்பதும் எட்டுக் குறி.

பதில் அனுப்ப ஓடினேன். பூமிக்கு அனுப்பும் வழி நேற்று மாலையே மூடிவிட்டது. அவர்களிடமிருந்து வரும் வழி 9:00-க்கு மூடியது. கடைசி நிமிடம்வரை திரையைப் பார்த்திருந்தேன், சாவி வரவில்லை.

நாள் 218. காலை 11:20. கரிவாயு 0.8%

நிலையத்துக்கு ஒன்றும் ஆகாது என்று எழுதிக் கொடுத்தது வான்குடிலின் ஓர் அலுவலகமாக இருக்கும். சாவி அனுப்புவது வேறு அலுவலகம். உரிமம் ரத்தான பின் ஒரு சாவி அனுப்பினாலும் அது புது மீறல் என்று அவர்களுடைய வக்கீல் யாரோ சொல்லியிருப்பார். சட்டப்படி அவர் சொன்னது சரி. ஒருவர் தலையைத் தடவினார், மற்றவர் குழாயை மூடினார், இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. இது என் ஊகம். பெரிய அலுவலகங்களில் எனக்கு ஒன்பது ஆண்டு அனுபவம் உண்டு.

அண்ணாச்சிமேல் கோபம் வருகிறது, வந்த வேகத்தில் போகிறது. எழுதியதைத்தானே படித்தார். ஆனால் வழக்கறிஞர் தயங்கியிருக்கிறார். அவருக்கு என்னைத் தெரியாது, அதனால்தான் தயங்கினார். அண்ணாச்சிக்கு என்னைத் தெரியும். அதனால் தயங்கவில்லை.

தமிழில் இந்த 'விடு' என்கிற சொல்லைப் போல ஆபத்தானது வேறில்லை. மூச்சு விட்டால் உயிர். மூச்சை விட்டால் சாவு. பன்னிரண்டு ஆண்டாக எங்கள் மென்பொருளின் ஒவ்வொரு பதிப்பையும் 'விட்டாச்சா, விட்டாச்சா' என்று கேட்டுத்தான் வெளியிட்டோம், சிரித்துக்கொண்டே.

நாள் 220. மதியம் 2:00. கரிவாயு 0.9%

என் கணினியில் 'மூச்சு' மூலநிரல் முழுவதும் இருக்கிறது, எங்கள் பழைய பதிப்பு. அதைப் பொறிக்கு ஏற்ற இரண்டு நாளாக முயல்கிறேன். பொறி கையொப்பம் கேட்கிறது. இல்லை என்றால் மறுக்கிறது. நாற்பத்தேழு தடவை மறுத்துவிட்டது. கடைசித் தடவை 'காற்றில்லை, கதவைத் திற' என்று வந்தது. என் வரியை வைத்தே என்னைக் கேலி செய்கிறது. கையிலிருந்த திருப்புளியை வீசினேன். எடையில்லாத இடத்தில் வீசினால் அது திரும்பித்திரும்பி வந்து நம்மையே இடிக்கும், அதனால் கோபப்படக்கூட இங்கே வசதியில்லை.

வன்பொருளைப் பிரித்துப் பார்த்தேன். பூட்டு சில்லுக்குள்ளேயே இருக்கிறது. உடைத்தால் பொறியே போகும்.

நாள் 223. காலை 9:00. கரிவாயு 0.9%

இன்று ஓர் எண்ணம் வந்து உட்கார்ந்துகொண்டது, போகமாட்டேன் என்கிறது. ஏழு நிரலர்களைக் கேட்டோம். அது பெரிய நியாயம் என்று நினைத்தோம். நிலாவில் அந்தப் பொறியை நம்பி மூச்சுவிடும் நாற்பத்தொரு பேரை யாராவது கேட்டார்களா? அவர்கள் ஒரு வரியும் எழுதவில்லை, அதனால் அவர்களுக்கு வாக்கில்லை. நான் எழுதியவளாகவும் இருக்கிறேன், அதை மூச்சுவிடுபவளாகவும் இருக்கிறேன். என்னிடம் கேட்டபோது எழுதியவளைத்தான் கேட்டார்கள். பதில் சொன்னது மற்றவள்.

ஊர் திரும்பினால் இதை மன்றத்தில் பேச வேண்டும். ஒற்றை வரியில் பதில் வந்தால் இரண்டாம் தடவை கேட்க வேண்டும் என்றும் ஒரு விதி சேர்க்க வேண்டும். 'ஊர் திரும்பினால்' என்று எழுதும்போது கை நின்றுவிட்டது. பயமாக இருக்கிறது. எங்கள் வீட்டு மொட்டைமாடியில் காய்கிற துணியின் வாசனை திடீரென்று வந்தது, எங்கிருந்து என்று தெரியவில்லை.

நாள் 226. நண்பகல் 12:00. கரிவாயு 1.0%

சாவி காலாவதி. திரையில் 'காத்திருப்பு நிலை' என்று வந்தது. மரியாதையாக, பச்சை எழுத்தில். மின்விசிறி ஓடுகிறது. சூடேற்றி நின்றுவிட்டது. படுகைகள் மாறவில்லை.

ஆபத்துப் பொத்தானை அழுத்தினேன். பூமிக்குப் பெரிய அலைவரிசை கிடைத்ததும் செய்தி போகும் என்கிறது. அது கிடைக்க நாள் 233 ஆகும்.

நாள் 226. மாலை 6:10. கரிவாயு 1.7%

பின்பலகையைக் கழற்றினேன். படுகைகளை மாற்றும் வால்வுக்குக் கையால் திருப்பும் சக்கரம் ஒன்று இருக்கிறது. அதை வைக்கச் சொன்னதும் நாங்கள் எழுவர்தான். அந்த அளவுக்காவது வான்குடில் சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறது. இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை திருப்புகிறேன். சூடில்லாமல் படுகை பாதிதான் துப்புகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கூடுகிறது.

அவசர உறிஞ்சு பெட்டிகள் ஆறு. ஒன்று ஒன்பது மணி நேரம். விண்ணுடையில் ஏழு மணி நேரக் காற்று. கூட்டிப் பார்த்தால் அறுபத்தொரு மணி நேரம். நாள் 229 காலை 9:40-க்கு அனுப்பும் வழி திறக்கிறது. இப்போதிலிருந்து அறுபத்து மூன்றரை மணி. செய்தி போக இருபத்தொரு நிமிடம், சாவி வர இருபத்தொரு நிமிடம். சக்கரத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தால் முடியும். தூங்கக் கூடாது.

நாள் 227. மதியம் 1:20. கரிவாயு 2.6%

பெட்டி இரண்டு முடிந்தது. சக்கரம் 57 தடவை. உள்ளங்கை தோல் உரிந்துவிட்டது, துணி சுற்றியிருக்கிறேன்.

செய்தியை யோசித்து வைக்கிறேன். முப்பது குறி. இந்தத் தடவை எந்தப் புள்ளியும் என்னை ஏமாற்றக் கூடாது. 'காற்று இல்லை' என்றால் அந்தப் பழைய பிழைச்செய்தி என்று நினைத்து அண்ணாச்சி சிரிப்பார். 'சாகிறேன்' என்று எழுதலாம். எழுதிப் பார்த்தேன். தலைவலியில் செத்தேன் போ என்று நான் வாரத்துக்கு ஒரு தடவை எழுதுகிறவள்.

நாள் 228. காலை 10:00. கரிவாயு 3.8%

எண்ணிக்கை விட்டுப்போனது. 110 இருக்கும். இரண்டு தடவை சக்கரத்தைப் பிடித்தபடியே தூங்கிவிட்டேன், ஒரு தடவை ஐம்பது நிமிடம். மூச்சு வாங்குகிறது. ஓடவேயில்லை, ஓடினவள் மாதிரி வாங்குகிறது.

கண்டெடுப்பவருக்கு. நான் தைரியசாலி என்று அண்ணாச்சி ஊரெல்லாம் சொல்லியிருப்பார். பொய். நான் விட்டுவிடச் சொன்னேன். அனுப்பச் சொல்லவில்லை. இதைப் பதிவில் வைக்கிறேன். மூலத்தை மறைத்தவனோடு சண்டைக்குப் போய்விட்டு என் மூலத்தை நான் மறைக்க முடியாது. அவரைத் திட்டாதீர்கள். எழுதியதைத்தான் படித்தார்.

நாள் 228. மாலை 5:45. கரிவாயு 4.4%

கடைசிப் பெட்டி. சக்கரம். எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறது.

செய்தி தயார். சின்னதாக, உள்ளதை உள்ளபடி. என்ன ஆகிறது, ஏன் ஆகிறது. இரண்டும் இருக்கிறது. இருபத்தாறு குறி. 'மூச்சு' என்றுதான் போட்டிருக்கிறேன், 'மூச்சை' இல்லை. சாவு அர்த்தம் வராது. ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

நாள் 229. காலை 9:40. கரிவாயு 5.3%

விண்ணுடையில் காற்று இருபது நிமிடம்தான் மிச்சம். கழற்றி வைத்துவிட்டு வந்து அடித்தேன். வழி திறந்தது. போய்விட்டது.

அனுப்பிய செய்தி: "மூச்சு விட முடியல சாவி வரல"

போய்விட்டது. அழுகிறேன். இங்கே கண்ணீர் விழாது, கண்ணிலேயே உருண்டையாக நிற்கும்.

நாள் 229. காலை 9:52. கரிவாயு 5.4%

பூமியிலிருந்து, இத்தனை நாள் வரிசையில் காத்துக் கிடந்த செய்தி. என்னுடையது இன்னும் பாதி வழியில் போய்க்கொண்டிருக்கிறது.

"எம்மா, ஜெயிச்சாச்சு. நோட்டீஸ் போன ஆறாம் நாளு வான்குடில்காரன் மூலநிரல் பூராத்தையும் தந்துட்டான். இருபத முப்பத்தொண்ணா மாத்துனது மின்சாரம் மிச்சம் பிடிக்கவாம். சரிபண்ணியாச்சு. நிலாவுல சோதிச்சுப் பாத்தாச்சு, தலைவலி நின்னுட்டு. புதுப் பதிப்ப நீ கையெழுத்துப் போட்டு விட்டாத்தான் மொறன்னு சொல்லிட்டோம். எங்க ஆறு பேரு சாவியும் போட்டாச்சு, ஒஞ்சாவிதான் பாக்கி. வழி தொறந்ததும் மூச்ச விட்டுரு. ஒனக்காவத்தான் காத்திருக்கோம்."

எங்கள் வழக்கம் அது. ஒவ்வொரு பதிப்பையும் வெளியிடும்போது ஆளுக்கொரு கையொப்பம். அந்தக் கையொப்ப எண்ணுக்கும் நாங்கள் வைத்த பெயர் சாவி.

9:58

மூச்சு விட முடியல. சாவி வரல.

மூச்சு விட முடியல.

ஒரு நாளைக்கு ஒரே செய்தி, அடுத்தது நாளைக்குத்தான். காலை 9:40. பொத்தானை அடித்தேன், அடித்தேன், ஏற்கவில்லை. சக்கரம். அண்ணாச்சி, நல்லாப் பாருங்க. வழக்கறிஞர் கேட்பார். தில்லைநாயகி மேடம் தயங்குவார். அவர் ஒரு தடவை கேட்டவர்தானே. கேட்பார்.

10:27. 5.9

பதில் வந்தது.

"எம்மா, ஒஞ்செய்தி கெடச்சுது. முடியலன்னா என்ன, சாவி வரலன்னா போகுது, அதுக்கு வெசனப்படாத. வக்கீலம்மாட்டயும் கேட்டுட்டேன், ஜெசிந்தாவே முடியலன்னு சொல்லியாச்சு, ஆறு சாவி போதும்னுட்டா. மூச்ச விட்டுட்டோம். நிலாவுல கைதட்டுனாங்க. நீ நல்லா ஒறங்கும்மா."

10:40

சக்கரம் ஒரு

திருப்பினேன். இல்லை. திருப்பினேனா

எழுதி வைக்க வேண்டும். மன்றத்தின்மேல் குற்றமில்லை. என்னைக் கேட்காமல் எதுவும் செய்யவில்லை. இரண்டு தடவையும் கேட்டார்கள். நான் சொன்னேன். சொன்னபடிதான் செய்தார்கள். கேட்டார்கள் நான் சொன்னேன் அவர்கள்